சுடுதண்ணீருக்கு ஆகாத கார்டு

கார்டு யாருக்கு என்று அந்தக் கடைக்கார அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மகளுக்கு என்றேன். அவளுக்கு எதற்கெல்லாம் வேண்டும் என்று அடுத்ததாகக் கேட்டார். அது எனக்குத் தெரியாது.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்புறம் சரிவாக இறங்கும் தெருவில் இருந்தது அந்தக் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட், அத்துடன் இந்தப் பணம் ஏற்றும் கார்டும். நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி, கைகளில் உறை மாட்டிக்கொண்டு, விரல் நுனிகளை மட்டும் வெளியே விட்டு கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தார். நான் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் விருந்தாளிகளை ஊட்டிக்குக் கொண்டுவந்து விடுவேன். அவர்கள் பூங்காவையும் படகுத்துறையையும் பார்த்து முடிக்கும்வரை மூன்று மணி நேரம் எனக்குச் சொந்தம். அப்படி ஒரு நவம்பர் நாளில்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கேத்திப் பக்கம் கேரட் கழுவும் மிஷினில் ஒரு வருடம், கட்டபெட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் இரண்டு வருடம், அப்புறம் ஓசூர், மைசூர், திரும்பவும் மலை. எந்த இடத்திலும் என்னை யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கிளம்ப வேண்டும் என்று இருக்கும், கிளம்பிவிடுவேன். என் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு உண்டு. நெடுநாள் தொடாததால் அது செயலற்றுப் போய்விட்டது. அதை உயிர்ப்பிக்க, தொடங்கிய கிளைக்கே போகவேண்டும் என்றார்கள். கிளை ஓசூரில். ரிசார்ட்டில் சம்பளத்தைக் கையில்தான் தருகிறார்கள், எனவே நானும் போகவில்லை.

மனைவி வெலிங்டனில் இருக்கிறாள். ராணுவக் குடியிருப்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. நாங்கள் பிரிந்ததாக எந்தக் காகிதமும் கிடையாது. இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று போனவன் பதினான்கு மாதம் கழித்து வந்தேன். அடுத்த முறை அதைவிட அதிகமாகிவிட்டது. மூன்றாவது முறை வந்தபோது கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, கிளம்புங்க என்றாள். அப்போது மகளுக்குப் பதினோரு வயது. அவள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அதன் பிறகு ஏழு வருடம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கார்டு வாங்கிய அந்த வருடம்தான் அவள் ஊட்டியில் பார்மசி டிப்ளமோவில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். கல்லூரிக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அவள் அம்மா பார்த்துக்கொண்டாள். கைச்செலவுக்கு நான் தரட்டுமா என்று மனைவியிடம் போனில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டுச் சொன்னாள்:

"அவகிட்டக் கேட்டுப் பாத்தனுங்க. அக்கவுண்ட் நம்பரெல்லாம் உங்களுக்குத் தரமாட்டாளாம். வேற எப்படியாவது குடுத்தா வாங்கிக்கறேன்னா. ஆனா ஒண்ணுங்க, அதைச் சாக்கா வெச்சு அவகூடப் பேசறேன்னு வரக் கூடாது. வந்தீங்கன்னா அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவா."

வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாளே, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. ஏழு வருடத்தில் அவள் பக்கத்திலிருந்து எனக்கு வந்த முதல் சம்மதம் அது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். என் யோசனை முழுவதும் அதுதான். பணம் ஏற்றும் கார்டு என்று ஒன்று இருக்கிறது, வங்கிக் கணக்கே தேவையில்லை, கார்டைக் கையில் கொடுத்துவிட்டு எங்கிருந்தும் பணம் போடலாம் என்று ரிசார்ட் மேனேஜர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மா மூன்று கார்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார். முதலாவது பரிசுக் கார்டு. பூப்படம் போட்டு அழகாக இருந்தது. ஒரு தடவை பணம் போடலாம், தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவதில் மாதாமாதம் பணம் ஏற்றலாம், கடைகளில் தேய்க்கலாம், ஆனால் ஏ.டி.எம்.மில் பணம் வராது. அதற்கு ஆதார் எண்ணும் போன் நம்பரும் போதும், பத்து நிமிடத்தில் தந்துவிடுவார். மூன்றாவதில் ஏ.டி.எம்.மிலும் எடுக்கலாம். எடுக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். அதற்கு பான் கார்டு வேண்டும், வீடியோவில் ஒரு ஆபீசர் வந்து முகத்தைப் பார்த்து விசாரிப்பார்.

கார்டுகளைப் பற்றிச் சொல்லி முடித்ததும்தான் அந்தக் கேள்விகளைத் தொடங்கினார். பாப்பா ஆன்லைனில் பொருள் வாங்குமா? மெஸ்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா? வார விடுமுறைக்கு ஊருக்குப் போகுமா, எதில் போகும்? பக்கத்தில் என்ன கடை இருக்கிறது? நான் ஒவ்வொன்றுக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். நாலாவது தடவை சொன்னபோது அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க பொண்ணுதானுங்களே?"

"ஆமாங்க அம்மணி."

"சரி, ஊட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப்போட்டு வாங்க. சட்டை வாங்கறதுக்கே அளவு கேக்கறோமுங்க."

நான் போன் போடவில்லை. கேட்டால், இதையே சாக்காக வைக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். இரண்டாவது கார்டையே தரச் சொன்னேன். என்னிடம் பான் கார்டு இல்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. என் வாழ்க்கையில் நான் செய்த தப்பெல்லாம் ரொக்கத்தில் செய்தவை. கையில் நோட்டு இருந்தால்தான் பஸ் ஏறத் தோன்றும். நோட்டு தராத கார்டு நல்ல கார்டு என்று எனக்குப் பட்டது. போதாததற்கு, ரிசார்ட்டில் விருந்தாளிகள் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, உலகம் முழுக்கவே இப்போது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைக்கார அம்மா என் நம்பரைப் பதிந்து, என் பெயரில் கார்டைத் தந்து, கடை முத்திரை போட்ட உறையில் வைத்தார். அடுத்த ஞாயிறு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சர்ச்சிலிருந்து வந்த மனைவியிடம் உறையைக் கொடுத்தேன். ரகசிய எண் எழுதிய துண்டையும் கொடுத்தேன். அவள் அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் நம்பரைப் பதிந்ததால் என்ன ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மசினகுடியில் நான் தங்கும் இடத்தில் போனில் சிக்னல் கோடு வராது. கல்லட்டி மலைப்பாதையில் ஏறும்போது பாதிக்கு மேல் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே திடீரென்று உயிர் வரும். ஒரு வாரம் கழித்து அந்த வளைவில் போன் நாலைந்து தடவை துடித்தது. விருந்தாளிகள் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தச் சொன்னபோது எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு பேக்கரி. புத்தகக் கடை. மறுபடியும் பேக்கரி. எல்லாம் கார்டில் செலவான செய்தி.

அப்படித்தான் என் மகளைப் பற்றி எனக்குத் தெரிய ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஜெராக்ஸ் எடுப்பாள். சில சனிக்கிழமை மாலைகளில் பேக்கரி. டிசம்பரில் ஒரு துணிக்கடை, தொகையைப் பார்த்தால் குல்லாவோ சாக்ஸோ என்று தோன்றியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு கடையில் கொஞ்சம் பெரிய தொகை. அம்மாவுக்கு ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஊட்டிக்கு சவாரி இல்லாத வாரத்தில்கூட, டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி அந்த வளைவு வரை போய் வந்தேன். மேனேஜருக்கு சந்தேகம் வந்தது. மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

செய்தி என் போனுக்கு வருவது அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தால் கார்டைத் திருப்பிவிடுவாள் என்பதும் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜனவரியில் உறைபனி விழத் தொடங்கியது. ஊட்டிப் புல்வெளியெல்லாம் காலையில் உப்புக் கொட்டியதுபோல் கிடக்கும். அந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு மெடிக்கல் கடை வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மெடிக்கல். அதற்கடுத்த வாரம், ஒரே காலையில் மூன்று செய்திகள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. வழக்கமான செலவுச் செய்தி இல்லை என்று மட்டும் புரிந்தது. வண்டியில் இருந்த விருந்தாளி ஒருவரிடம் காட்டிக் கேட்டேன். யாரோ ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க மூன்று தடவை முயன்றிருக்கிறார்கள், இந்தக் கார்டில் அது முடியாது என்று தள்ளியிருக்கிறது என்றார்.

அவளுக்கு அவசரமாக ரொக்கம் தேவைப்பட்டிருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. மெடிக்கல் கடையையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி என்று தோன்றியது. மனைவிக்குப் போன் செய்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதையும் மீறிச் செய்தேன். அவள் எடுக்கவில்லை, வேலை நேரம். விருந்தாளிகளைப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டு மார்க்கெட் பக்கம் போகும்போது கடைக்கார அம்மாவே கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க பாப்பா இங்க வந்திருக்குதுங்க. கார்டு உறைல கடை முத்திரையப் பாத்துட்டு வந்துச்சாம். நான் வாய விட்டுட்டனுங்க, மெசேஜெல்லாம் உங்களுக்குத்தான் வரும்னு. நீங்க வந்துருங்க."

வரலாமா என்று கேட்டேன். அவர் போனைக் கையால் மூடி யாரிடமோ கேட்டார். பிறகு, வரச் சொல்லுது என்றார்.

கடைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கார்டும் உறையும் மேஜைமேல் இருந்தன. முகத்தில் அவள் அம்மாவின் நெற்றி, என் மூக்கு. மூக்கு சிவந்திருந்தது, சளி. நல்லாயிருக்கிறாயா என்று கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"வர்றது வரும். பாத்தேன்."

"மெடிக்கலும்?"

"ம்."

"அப்பறம் ஏன் என்னன்னு கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு பேச்சு."

அவள் சிரிக்கவில்லை. "பேச்சைக் காப்பாத்தறதுக்கு நல்ல நேரம் பாத்தீங்க" என்றாள்.

கடைக்கார அம்மா குனிந்து பிரிண்டரில் ஏதோ சரி செய்வதுபோல் இருந்தார். உடம்புக்கு என்ன என்று நான் அவரைப் பார்த்துக் கேட்டேன், அவளைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. அவள்தான் பதில் சொன்னாள். ஹாஸ்டலில் சுடுதண்ணீர் பக்கெட் கணக்கு. பின்புறம் விறகடுப்பில் காய்ச்சும் பாட்டி காலையில் காசை வாங்கிக்கொண்டுதான் பக்கெட்டை நகர்த்தும். அந்தப் பாட்டியிடம் கார்டு தேய்க்க மிஷினும் கிடையாது, போனும் கிடையாது. உதவித்தொகை வர ஒரு கணக்கு இருக்கிறது, உதவித்தொகைதான் வரவில்லை. கைச்செலவுக்குக் கார்டு இருக்கிறது என்று அம்மாவிடம் இவள் பெருமையாகச் சொல்லி ரொக்கம் வேண்டாம் என்றிருக்கிறாள். இருந்த சில்லறை கிறிஸ்துமஸோடு தீர்ந்தது. உறைபனியில் இரண்டு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறாள். அதற்குத்தான் மெடிக்கல். இன்று ஏ.டி.எம்.மில் மூன்று தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள்.

நோட்டு தராத கார்டு நல்ல கார்டு என்று நான் முடிவு செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கார்டு எனக்குப் பொருந்தியிருக்கும். அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கார்டை என் பக்கம் நகர்த்தினாள். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இது வேண்டாம்" என்றாள். "என் பேர்ல, என் நம்பர்ல ஒண்ணு வேணும். மெசேஜ் எனக்குத்தான் வரணும். அப்படின்னா வாங்கிக்கறேன்."

சரி என்றேன். இனி அந்த வளைவில் எதுவும் வராது என்று அந்த நேரத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சரி என்று சொல்லக் கொஞ்சமும் தாமதிக்கவில்லை, அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

கடைக்கார அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அவளிடம் விசாரிக்கத் தொடங்கினார். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் பரீட்சைப் புத்தகம் வாங்குவாள். பெரும்பாலும் மாதக் கடைசிச் சனிக்கிழமை வெலிங்டன் போவாள், பஸ்ஸில்தான், ரயிலில் உட்கார்ந்தால் தலை சுற்றும். மெஸ்ஸில் முட்டைக்குத் தனிக் காசு. பேக்கரிக்கு அவள் மட்டும் போவதில்லை, அறைத் தோழிகள் மூன்று பேர், ஆளுக்கொரு வாரம் செலவு. அப்படியானால் எடுக்கும்போது பிடிக்கிற தொகைக்குப் பயந்து அடிக்கடி எடுக்காதே, மாதம் ஒரு தடவை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள் என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். பான் கார்டு இருக்கிறதா? இருந்தது, கல்லூரியில் எடுக்க வைத்திருந்தார்கள்.

வீடியோவில் ஓர் ஆபீசர் வந்தார். எந்த ஊரிலிருந்து பேசினாரோ, பின்னால் மின்விசிறி சுற்றியது. குல்லாவை எடுக்கச் சொன்னார், வலது பக்கம் திரும்பச் சொன்னார், பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். பிறந்த தேதி கேட்டார். அப்புறம் அப்பா பெயர் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. என் பெயரை இனிஷியலோடு தெளிவாகச் சொன்னாள். குரல் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார் ஆபீசர். இன்னொரு முறை சொன்னாள்.

கார்டு இயங்க ஆரம்பித்ததும் நான் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து ஏற்றச் சொன்னேன். மேஜைமேல் இருந்த அவள் போன் துடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"பணம் போட்டா, எங்கிருந்து போட்டாங்கன்னு வருங்களா அக்கா?"

"கடைப் பேரும் ஊரும் வரும் கண்ணு. கூடலூர்ல போட்டாக் கூடலூர்னு வரும். மைசூர்ல போட்டா மைசூர்."

அவள் தலையாட்டினாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

பழைய கார்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தீர்த்துவிடலாம் என்றாள். எதிரில் இருந்த பேக்கரியில் அந்தத் தொகைக்குச் சரியாக வர்க்கி பிஸ்கட் நிறுக்கச் சொல்லிக் கார்டைத் தேய்த்தாள். என் சட்டைப் பையில் போன் துடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இப்படித்தான் வருமா?"

"ஆமா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வர்க்கியில் பாதியை இன்னொரு காகிதத்தில் கட்டித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று மேட்டில் ஏறிப் போனாள். அவள் கையில் இருநூறு ரூபாய் தனியாகக் கொடுத்திருந்தேன், சுடுதண்ணீருக்கு. அதை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சளி விட்டதா என்று மனைவியிடம் கேட்டேன், விட்டுவிட்டது என்றாள். கல்லட்டி வளைவில் போனுக்கு உயிர் வரும்போது ரீசார்ஜ் விளம்பரம் வருகிறது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் மசினகுடிக் கடையிலோ ஊட்டியிலோ பணம் போடுகிறேன்.

ஏப்ரல் கடைசியில், முன்பு ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் வயநாட்டிலிருந்து கூப்பிட்டான். புது லாட்ஜ், புது வண்டி, இங்கே தருவதைவிடக் கூடுதல் சம்பளம். எனக்கும் கிளம்ப வேண்டும் என்றுதான் இருந்தது. பையைக் கட்டிவிட்டேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மாதம் அவள் போனில் புதிதாக ஓர் ஊர்ப் பெயர் வரும் என்று தோன்றியது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டாள். ஓகோ என்று நினைத்துக்கொண்டு போனைக் கீழே வைப்பாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் தேதிப் பணத்தை இங்கிருந்தே போட்டுவிட்டுப் போகலாம் என்று பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன். போகமாட்டேன் என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. பை இன்னும் கட்டியபடியே கிடக்கிறது, சட்டை தேவைப்படும்போது மட்டும் இழுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.